மூன்று பக்கங்கள் காத்திருக்கின்றன

ஜூலை 3, திங்கள்

இந்த நோட்டைக் காலையில் வரும் வழியில் வாங்கினேன். என் பொறுப்பில் இருக்கும் படிப்பகத்தின் கணினிகள் எப்போது, எப்படி விழுகின்றன என்று குறித்துவைக்க. நினைவை நம்பிப் பயனில்லை. மூன்று வாரமாக "அடிக்கடி", "திடீரென்று" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலை 11.20, ஆறாம் கணினி. திரை கறுத்தது. நான்கு விநாடியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முதல் திரை வந்து நின்றது. திறந்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று.
மதியம் 1.10, மூன்றாம் கணினி. அதேபோல.
மாலை 5.45, மறுபடி ஆறு.

பதினான்கு கணினிகள். எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம், எல்லாவற்றிலும் தமிழ்த் திரை. மே மாதம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசி இதற்குச் சம்மதம் வாங்கியவள் நான்தான். "நம்ம ஊர் ஜனங்க நம்ம மொழியில கம்ப்யூட்டரைத் தொடட்டும் சார்" என்றேன். கை தட்டினார்கள். திரையில் இருக்கும் தமிழ்ச் சொற்களில் பாதிக்கு மேல் ஆறு வருடத்துக்கு முன் தன்னார்வத்தில் நானும் இன்னொருத்தியும் மொழிபெயர்த்தவை என்பதையும் சொன்னேன். இன்னொருத்தியின் பெயரைச் சொல்லவில்லை. நேரம் இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஜூன் பன்னிரண்டில் புது அச்சுப்பொறி வந்தது. விழ ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். அதன்மேல் சந்தேகம். பதினான்கு கணினியிலிருந்தும் ஆளுக்கொரு பக்கம் அச்சுக்கு அனுப்பிப் பார்த்தேன். பதினான்கும் அழகாக வந்தன. அச்சுப்பொறி குற்றவாளி இல்லை.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். மறந்தேன்.

ஜூலை 6, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே கூசுகிறது.

வடிவு என்றொரு பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இங்கே வருவாள். அரசு மாணவியர் விடுதிக் காப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாள். வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. கடைசித் தேதி பதினான்கு. கணினி அவளுக்குப் புதிது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவாள். நாற்பது நிமிடம் தட்டி நிரப்பியது, 1.35க்கு, கறுத்துப் போயிற்று.

அவள் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எக்கா, நான் எதையும் தப்பா அமுக்கிட்டனா?"

"இல்லம்மா, உன் தப்பு இல்ல."

"செவ்வாக்கிழமயும் இப்படித்தான் போயிட்டு. நாந்தான் ஏதோ அமுக்கிட்டேன்னு நெனச்சி யார்ட்டயும் சொல்லல."

அவளுடைய செவ்வாய்க்கிழமை என் நோட்டில் இல்லை. இன்னும் எத்தனை பேர் தங்கள் தப்பு என்று நினைத்து எழுந்து போனார்களோ.

செயலாளர் பால்வண்ணன் சார் மாலையில் வந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் போடமாட்டார், அதுதான் பயம். "ஏம்மா ஜெயக்கொடி, இருபத்திரண்டாம் தேதி கமிட்டி இருக்கு. அதுக்குள்ள சரியாகலைன்னா பழையபடி மாத்திருவோம். நானும் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல?" என்றார்.

ஜூலை 8, சனி

இந்தத் திரைச்சூழல் மென்பொருளை உருவாக்குகிறவர்களுக்கு வழு அறிக்கை எழுதினேன். (நிரலில் உள்ள பிழையை "வழு" என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. "பக்" என்றால் பால்வண்ணன் சாருக்கே புரிகிறது. நான் "வழு" என்றுதான் சொல்வேன்.) நோட்டில் இருந்ததையெல்லாம் பொறுமையாக எழுதினேன். அவர்களில் ஹென்ரிக் என்பவர் இரண்டு மணி நேரத்தில் பதில் போட்டார். தங்கள் பக்கம் அப்படி நடக்கவே இல்லையாம். புதிய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

போட்டேன். பதினான்கிலும். கழுத்து வலிக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

விடுமுறை. சீலா மீன் குழம்பு. அம்மா சாப்பிடும்போது, "அந்தக் காயல்பட்டினத்துப் புள்ள நிஷாவுக்கு என் கொழம்பு எவ்வளவு இஷ்டம். இப்பல்லாம் வரதே இல்லியே, என்னாச்சு?" என்றாள். ஆறு வருடமாக ஆறு மாதத்துக்கொருமுறை கேட்கிறாள். வேலை இருக்கும் என்று சொன்னேன்.

ஜூலை 10, திங்கள்

காலை 10.05. மூன்றாம் கணினி. புதிய பதிப்பும் விழுகிறது.

ஜூலை 11, செவ்வாய்

அம்மா கேட்டதனால் நினைவு வந்தது, அவ்வளவுதான். ரஹ்மத் நிஷா கல்லூரியில் என் வகுப்பு. இந்தத் திரைச்சூழலைத் தமிழாக்கும் வேலையை இருவரும் சேர்ந்துதான் எடுத்தோம். அவள் மொழிபெயர்ப்பாள், நான் சரிபார்ப்பேன். ஆனால் அவள் தமிழ் கரடுமுரடு. ஆங்கில வாக்கியம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் சொற்களை நட்டுவைப்பாள். திருத்தினேன். அது பொறுக்காமல் விலகிப் போனாள். திருத்தம் பொறுக்காதவர்களோடு வேலை செய்ய முடியாது.

இன்று இரண்டு முறை. 12.15, 4.30.

ஜூலை 12, புதன்

ஹென்ரிக் ஒரே வரி எழுதியிருக்கிறார்: எந்த மொழியில் வைத்திருக்கிறீர்கள்?

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஏதாவது கோளாறு என்றால் உடனே நம் மொழிமேல் பழி. பதில் போடவில்லை.

ஜூலை 13, வியாழன்

வடிவு ஒரு மணிக்கு வந்தாள். நாளை கடைசி நாள். உட்கார்ந்தவள் விசைப்பலகையைத் தொடாமலே இருந்தாள்.

"எக்கா, ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு தடவயும் பிரிண்ட் குடுத்ததும்தான் போச்சு. அனுப்புறதுக்கு முந்தி பேப்பர்ல ஒருக்கப் பாத்துக்கிடுவோம்னு குடுத்தேன்."

"பிரிண்டர்ல ஒண்ணும் இல்லம்மா. பதினாலு கம்ப்யூட்டர்லயும் நான் சோதிச்சிட்டேன்."

"எத்தன பக்கம் குடுத்தியக்கா?"

"ஒண்ணு."

"என்னோடது மூணு பக்கம்லா."

அவள் எதிரிலேயே மூன்று பக்கம் அனுப்பினேன். கறுத்தது. மறுபடி மூன்று. கறுத்தது. இரண்டு பக்கம். கறுத்தது. ஒரு பக்கம், ஒன்றும் ஆகவில்லை. தாளை வீணாக்கக் கூடாதென்று அன்றைக்கு ஒவ்வொரு பக்கமாக அனுப்பியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை தாளில் பார்த்துக்கொள்ளும் கவனமான ஆட்களைத்தான் இந்த வழு பிடித்துப் பிடித்து அடித்திருக்கிறது.

அவள் போன பிறகு, மனமே இல்லாமல், ஒரு கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். மூன்று பக்கம் அனுப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. பத்து முறை அனுப்பினேன்.

ஹென்ரிக்குக்குப் பதில் எழுதினேன்: தமிழ்.

ஜூலை 14, வெள்ளி

காலையில் வந்ததும் பதினான்கு கணினியையும் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். ஒவ்வொன்றாக. வேறு வழியில்லை.

வடிவு 12.50க்கே ஓடி வந்தாள். கடையில் சொல்லிவிட்டு வந்தாளாம். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எல்லாம் இங்கிலீஷா இருக்கேக்கா. எத அமுக்குனா என்ன ஆவும்னு நெஞ்சு படபடங்குது."

"நான் பக்கத்துலயே இருக்கேன். நீ நிரப்பு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தட்டினாள். தன் பெயர், அப்பா பெயர், சான்றிதழ் எண். நான் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் தமிழில் சொன்னேன். 1.40க்கு அச்சுக்குக் கொடுத்தாள். மூன்று பக்கமும் வந்தன. விரல் வைத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் பின்கோடு தப்பு. திருத்தினாள். அனுப்பினாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பதிவு எண் வந்தது.

மூன்று தாள் கையில் இருக்க, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"போயிட்டுல்லா? நெசமா போயிட்டுல்லா?"

"போயிட்டும்மா."

அவள் போன பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். அழவில்லை. வியர்வை.

ஜூலை 15, சனி

பால்வண்ணன் சார் ஆங்கிலத் திரையைப் பார்த்தார். இரண்டு நாளாக ஒன்றுகூட விழவில்லை என்றேன். தலையாட்டினார்.

"அப்போ தமிழ்தான் பிரச்சினை."

"தமிழ் பிரச்சினை இல்ல சார். தமிழ்ல எங்கயோ ஒரு எடத்துல."

"எங்கயோன்னா? கண்டுபிடிம்மா. இன்னும் ஒரு வாரம் இருக்கு."

ஜூலை 17, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஹென்ரிக் வழி காட்டினார். அச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பக்கம் போனால் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வரவேண்டும். ஒற்றைப் பக்கத்துக்கு வேறு வாக்கியம், அதில் கோளாறில்லை. பன்மை வாக்கியத்தின் தமிழ் வரியில்தான் எல்லாம். அந்த வரியில் இரண்டு காலியிடங்கள் உண்டு: ஒன்று எண்ணுக்கு, ஒன்று அச்சுப்பொறியின் பெயருக்கு (எங்களுடையதற்கு "வாசல்" என்று பெயர்). நிரல் முதலில் எண்ணைத் தரும், அடுத்தது பெயரைத் தரும். தமிழ் வரியில் பெயருக்கான இடம் முன்னால் இருக்கிறது. "வாசல் அச்சுப்பொறியில் 3 பக்கங்கள் காத்திருக்கின்றன." நிரல் 3 என்ற எண்ணை எடுத்துப் பெயராகப் படிக்கப் பார்த்துத் தடுக்கி விழுகிறது, விழும்போது திரையையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.

மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பில், கடைசியாக மொழிபெயர்த்தவர்: ரஹ்மத் நிஷா.

உண்மையை எழுதத்தான் இந்த நோட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு யார் செய்த வேலை யாரைக் காப்பாற்றியது, யாரைக் கவிழ்த்தது என்று தெரிந்துவிட்டது என நினைத்தேன். முந்தைய மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று ஹென்ரிக்குக்கு உடனே எழுதினேன். பெயரையும் எழுதினேன். எல்லோரும் படிக்கும் பக்கம் அது. பெயர் வந்தால் அந்த ஆளுக்கு மின்னஞ்சலும் தானாகப் போகும்.

வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். மறக்கவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

திருத்தி அனுப்புவதற்காக அந்த வரியின் பழைய வரலாற்றைத் திறந்தேன். யார் எந்த நாளில் எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் இருக்கும்.

நிஷா எழுதியது: "3 பக்கங்கள் காத்திருக்கின்றன, அச்சுப்பொறி: வாசல்." எண் முதலில், பெயர் அடுத்து. நிரல் தரும் வரிசையிலேயே. கரடுமுரடு. ஆனால் விழாது.

அதை மாற்றியது நான். 2017 ஆகஸ்ட் 12. அன்றும் மறுநாளும் அவளைக் கேட்காமல் அவளுடைய முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளை மாற்றியிருக்கிறேன். நான் ஏதோ நாற்பது, ஐம்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைப்பில் அவள் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். நல்லெண்ணம் என்று அப்போது நினைத்திருப்பேன்.

இங்கே தமிழ்த் திரை வரும்வரை, இப்படி ஒரு அச்சுப்பொறி இல்லாதவரை, அந்த வரி ஒருமுறைகூடத் திரைக்கு வரவில்லை.

ஜூலை 19, புதன்

சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் வயிறு சரியில்லை என்றேன்.

பேசாமல் திருத்திவிட்டுப் போகலாம். தலைப்பில் அவள் பெயர்தான் இருக்கிறது. வரலாற்றை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

ஜூலை 20, வியாழன்

அதே பக்கத்தில், என் முந்தைய பதிலுக்கு நேர் கீழே எழுதினேன். நான் சொன்னது தவறு. ரஹ்மத் நிஷாவின் வரி சரியாக இருந்தது. 2017இல் அவரைக் கேட்காமல் நான் மாற்றியதால் வந்த வழு இது. மூன்று முறை அழித்து எழுதினேன். முதல் முறை "மொழிநடைக் காரணங்களுக்காக மாற்றப்பட்டது" என்று எழுதியிருந்தேன். யார் மாற்றினார்கள் என்பதே அதில் இல்லை.

அவளுடைய பழைய வரியையே திரும்பப் போட்டு அனுப்பினேன்.

அனுப்பியதும் பசித்தது. பக்கத்துக் கடையில் மூன்று பரோட்டா சாப்பிட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

காலை 9.40. தெரியாத எண். எடுத்தேன்.

"ஏட்டி கொடி."

என்னைக் கொடி என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான்.

"திங்கக்கெழம ஒரு மெயில் வந்துச்சு. ரஹ்மத் நிஷாவால உலகமே விழுந்துட்டுன்னு. மூணு நாளு கொதிச்சிட்டுக் கெடந்தேன். உனக்கு ஒரு பதில் எழுதி வச்சிருந்தேன் பாரு, நீ படிச்சிருந்தா ஊரவிட்டே போயிருப்ப. நேத்து ரெண்டாவது மெயில் வந்துச்சு."

"நிஷா, நான்..."

"இரு, முழுசா சொல்லிக்கிடுதேன். என்னயக் கேக்காம மாத்துன பாரு, அதுதான். தமிழ் நல்லால்லன்னு நீ சொன்னதுக்கு நான் போகல. எனக்கே தெரியும் என் தமிழு கல்லுன்னு. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா நானே மாத்தியிருப்பேன்."

"தப்புதான் நிஷா. முந்நூத்திப் பன்னெண்டு வரி. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது."

"எனக்கு அன்னைக்கே தெரியும். எண்ணிப் பாத்தேன்."

அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அணைத்துவிட்டு வந்தாள்.

"சரி, என் பழைய வரிய எதுக்குத் திரும்பப் போட்ட? அது நல்லாவா இருக்கு?"

"விழாம இருக்கே."

"ஏட்டி, காலி எடத்துக்கு நம்பர் போட வழி இருக்கு. ரெண்டாவது வர்றத முன்னாடி வையி, மொத வர்றத பின்னாடி வையின்னு நிரலுக்குச் சொல்லலாம். உன் வரியும் இருக்கும், விழவும் விழாது. நான் அனுப்புதேன், நீ பாரு. பாத்து, மாத்தணும்னா கேளு."

பத்து நிமிடத்தில் அனுப்பினாள். என் வாக்கியம். அவள் போட்ட எண்கள். ஒரு கணினியைத் தமிழுக்கு மாற்றி மூன்று பக்கம் அனுப்பினேன். மூலையில் சின்னதாக, முதன்முறையாக, நான் எழுதிய அந்த வரி திரைக்கு வந்தது. இரண்டு விநாடி நின்று மறைந்தது. ஒன்றும் கறுக்கவில்லை.

நாற்பது பக்கம் அனுப்பினேன். தாள் போனால் போகிறது.

ஜூலை 22, சனி

நிர்வாகக் குழு. எழுந்து நின்று சொன்னேன்: தமிழால் வரவில்லை, என்னால் வந்தது, சரியாகிவிட்டது. எப்படி என்பதையும் சொன்னேன். நிஷாவின் பெயரை முழுதாகச் சொன்னேன். மே மாதம் அவள் பெயரைச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து பால்வண்ணன் சார் மட்டும் நின்றார்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"தெரியாது சார்."

"நானும் துறைமுகத்துல முப்பது வருஷம் பாத்துட்டேன். ஒரு பெட்டி விழுந்தா போதும், எல்லாவனும் வேற ஷிஃப்டக் கை காட்டுவான். நான் ரெண்டு தடவ காட்டிருக்கேன்." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "புது பதிப்பு வந்ததும் எல்லாத்தயும் தமிழுக்கு மாத்திருங்க."

ஜூலை 26, புதன்

பனிமய மாதா கோவில் கொடியேற்றம். கூட்டத்தில் பேருந்து நகரவில்லை, நடந்தே வந்தேன். படிப்பகத்தில் நாலே பேர். திருத்திய பதிப்பு காலையில் வந்திருந்தது. மதியத்துக்குள் பதினான்கும் தமிழுக்கு வந்தன.

வடிவு ஒரு மணிக்கு வந்தாள். எதற்கும் இல்லை, சும்மா. இன்னொரு வேலைக்கும் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறாளாம். திரையைப் பார்த்து, "ஆ, வந்துட்டு" என்றாள். தானே கணினியைத் திறந்து, தானே தேடி, தானே அச்சுக்குக் கொடுத்தாள். நான் எழுந்துகூடப் போகவில்லை.

ஜூலை 28, வெள்ளி

ஒன்றும் விழவில்லை. குறிக்க எதுவும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், பழகிவிட்டது.

ஜூலை 29, சனி

நிஷா வந்தாள். காயல்பட்டினம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்து. ஆறு வருடம்.

கொஞ்சம் பெருத்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். முதல் ஐந்து நிமிடம் இருவரும் விருந்தாளிகள் மாதிரி பேசினோம். பிறகு பழைய முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒன்றாகத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தோம். பதினேழாவதில் மாட்டிக்கொண்டோம். கணினியைத் தற்காலிகமாக ஓயவைக்கும் பொத்தானுக்கு நான் "கண்ணயர்" என்று போட்டிருந்தேன்.

"பொத்தான்ல கவித எழுதாதட்டி. 'உறங்கு'ன்னு போடு."

"உறங்குன்னா ராத்திரி முழுக்க உறங்கற மாதிரி இருக்கு. இது சும்மா கொஞ்ச நேரம்."

"கம்ப்யூட்டருக்கு ராத்திரி என்ன, பகல் என்ன?"

"அப்போ 'சாய்ந்திரு'ன்னு வைப்போமா?"

"சாய்ந்திருவா! எதுமேல சாயுது?"

எட்டாம் கணினியில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். "அம்மா, நீங்கதான இங்க பொறுப்பு? கொஞ்சம் மெதுவாப் பேசக்கூடாதா? படிக்கிற எடம்லா இது" என்றார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தோம். டீக்கடையில் தொடர்ந்தோம். பேருந்து நிலையம்வரை தொடர்ந்தோம். அவளை ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். பேருந்து நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ ஒரு சொல்லைக் கத்தினாள். ஹாரன் சத்தத்தில் காதில் விழவில்லை.

என்ன சொல்லாக இருந்தாலும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.